ட்ரெய்லருக்கு வழி விடுங்க

எங்கள் வீட்டு நாயின் பெயர் ட்ரெய்லர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த வாரம், எண்ணூர் விரைவுச் சாலையில் அசையாமல் நின்றிருந்த ஒரு ட்ரெய்லருக்கு அடியில், டயரோடு டயராக ஒண்டிக்கொண்டிருந்தது. கையகலக் குட்டி. சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தேன். மணி, ஜிம்மி, டைகர் என்று நாய்களுக்கென்றே ஊர் ஒதுக்கிவைத்த பெயர்கள் இருக்க, என் மகன் "ட்ரெய்லர்" என்றான். சின்னப் பிள்ளை ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டேன். அதன் விபரீதம் குட்டி வெளியே ஓடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

திருவொற்றியூரில் தெருமுனையில் நின்றுகொண்டு ஒருவன் "ட்ரெய்லர்! ட்ரெய்லர்!" என்று கத்தினால் என்ன ஆகும்? சைக்கிளில் வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் ஏறுவார். மீன் கூடைக்கார அம்மா சுவரோடு சுவராக ஒட்டுவார். ஷேர் ஆட்டோ பிளாட்பாரத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றும். துறைமுகத்துக்குப் போகிற வண்டிகளோடு இரவும் பகலும் சாலையைப் பங்கு போட்டு வாழ்கிற ஜனம். அந்தச் சொல் காதில் விழுந்தால் உடம்பு முதலில் நகரும், தலை அப்புறம்தான் திரும்பும். திரும்பிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு எனக்கு விழுகிற வசவை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

என் பிழைப்பும் ட்ரெய்லரோடுதான். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஸ்டஃபிங் சூப்பர்வைசர். பெட்டிக்குள் சரக்கு சரியாக அடுக்குகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். இருபது அடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம், லிட்டரில் சொன்னால் 33,000. கிரானைட், தோல், வண்டி உதிரி பாகம் என்று எது வந்தாலும் தட்டாமல், முட்டாமல், ஆடாமல் அடுக்கி, கதவைச் சாத்தி, சீல் வைத்து அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பிய பெட்டி ஒன்றுகூட நடுக்கடலில் சரக்கு சாய்ந்துவிட்டது என்று திரும்பி வந்ததில்லை.

என் காரின் டிக்கி 177 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் பார்த்தால், ஒன்பதாவது கேன் முழுசாக நிறையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1983 டிசம்பர் 14-ம் தேதி டெல்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தவர் இந்திரா காந்தி. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 18-ம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரேதான். சின்னக் காரையும் பெரிய பெட்டியையும் ஒரே வாரத்தில், ஒரே கையால் நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று எனக்குச் சோறு போடுகிறது. இன்னொன்றின் வாரிசுக்கு நான் மாசாமாசம் தவணை கட்டுகிறேன்.

போன மே மாத விடுமுறைக்குத் தூத்துக்குடி போவதென்று முடிவானது. மனைவியின் ஊர். சுமார் 600 கிலோமீட்டர். வழக்கமாக ரயிலில்தான் போவோம். ரயில் என்பது எங்களுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்துதான். ஆனால் ரயிலில் நாய் போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுசாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கிற நாய்ப் பெட்டியில் போட வேண்டும். முதலாவதற்கு என் சம்பளம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாயில்லா ஜீவன பொட்டில போட்டு பூட்டினு வருவியா? அதுக்கு பதிலா என்ன போடு" என்றார். எதிர்வீட்டில் விட்டுப் போகலாம் என்றதற்கு, "அப்ப நானும் எதிர்வூட்லயே இருந்துக்கறேன்" என்றார். ஆக, கார்.

தொழில் தெரிந்தவன் என்கிற திமிரில் ஒரு வாரம் முன்பே காகிதத்தில் கட்டம் போட்டு லோடு பிளான் தயாரித்தேன். கனமானது கீழே, லேசானது மேலே. பெட்டியின் பாதி நீளத்துக்குள் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் சேரக் கூடாது. சேர்ந்தால் தூக்கும்போது சாயும். கடைசியில் ஏறுவதுதான் முதலில் இறங்கும், ஆகவே வழியில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். இந்த மூன்றாவது விதி கப்பலுக்குச் சரி. எங்கள் வீட்டில் வழியில் எதெது தேவைப்படும் என்று கேட்டுக் குறித்தேன். எல்லாமே தேவைப்படும் என்று தெரிந்தது.

"இன்னாடா பேப்பர்ல கட்டம் போட்னுகீற? சாமான கார்ல ஏத்து" என்றார் அம்மா.

அம்மாவின் சாமான்: முழங்கால் வலிக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சொந்தத் தலையணை, ஃபிளாஸ்க், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு கேன் தண்ணீர், வடிவுடையம்மன் குங்குமம், அப்புறம் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு. காசிமேட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கருவாடு. கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதைதான். சொல்லிப் பார்த்தேன். "அவங்க நெத்திலி வேற, நம்ம நெத்திலி வேற" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை என்பது அவர் கொள்கை. மனைவியோ தங்கைகளுக்கு எம்.சி. ரோட்டில் எடுத்த புடவைகளைத் தனிப் பையில் வைத்து, அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள்.

மகன் கிரிக்கெட் மட்டையோடு நின்றான். அது பரவாயில்லை, நீளமான சரக்கு. சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். மகள் தூக்கிவந்தது கேரம் போர்டு.

புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் ஜெயித்து வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேரம் போர்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகின்றன. "பத்து நாள் பிராக்டிஸ் வுட்டா ஸ்டிரைக்கர் கையில நிக்காதுப்பா" என்றாள். கட்டையையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி. அதை டிக்கியில் வைத்தால் டிக்கி சாத்தாது. பின்சீட்டில் வைத்தால் ஆள் உட்கார முடியாது. சைசுக்கு ஒவ்வாத சரக்கை 'ஓடிசி' என்று போட்டு, மேல்கூரை இல்லாத பெட்டியில் ஏற்றுவோம். காரின் மேல்கூரையைக் கழற்றுவது பற்றி ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.

இனி ஆட்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பின்சீட்டில் மூன்று பெல்ட்: அம்மா, மகள், மகன். கணக்கு சரி. நாய்க்கு? ஆபத்தான சரக்கை ஒன்பது வகுப்பாகப் பிரித்து, எதை எதோடு சேர்த்து ஏற்றக் கூடாது என்று கப்பல் தொழிலில் ஒரு பெரிய புத்தகமே இருக்கிறது. நெருப்புப் பிடிப்பதும் நெருப்பைத் தூண்டிவிடுவதும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. நாட்டு நாயும் நெத்திலிக் கருவாடும் ஒரே காரில் போகலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு ஏழு மணிக்கு ஏற்றத் தொடங்கினேன். ஒன்பதரைக்கு மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் இறக்கினேன். தெருவில் பாதிப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் பெட்டி அடுக்குகிற அழகைப் பார்க்க வந்த கூட்டம். ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் என்னைப் பார்த்து, "மச்சான், பேசாம ஒரு ட்ரெய்லர் புடிச்சிடேன்" என்றார். நாய் எழுந்து வந்து அவர் காலை நக்கியது.

அப்போதுதான் எங்கள் யார்டில் வேலை பார்க்கும் லோடுமேன் அண்ணன் அந்த வழியாக வந்தார். அறுபதைத் தாண்டியவர். பெட்டிகள் இந்த அளவுக்கு வராத காலத்தில், இளவட்டமாகத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டீ குடிக்கும்போது சொல்வார்: "பொட்டி வந்து எங்க தோளுக்கு ரெஸ்ட்டு குட்த்துச்சு. கூடவே வயித்துக்கும் ரெஸ்ட்டு குட்த்துச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் டீ இறங்காது.

காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "நாய எங்க வெச்ச சூப்பரவைசரே?"

"கடைசில ஏத்தலாம்னு..."

"தப்பு. அசையற சரக்க மொதல்ல ஏத்து. அது எங்க குந்துதோ குந்தட்டும். அதச் சுத்தி மிச்சத்த அடுக்கு."

கதவைத் திறந்து விட்டார். ட்ரெய்லர் ஏறியது, பின்சீட்டில் மூன்று சுற்று சுற்றியது, கீழே இறங்கி, பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கிற இடத்தில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. என் பிளானில் அந்த இடம் ஒரு பெரிய சூட்கேஸுக்கும் இரண்டு பைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணன் சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தார். "பொட்டிக்குள்ள பொட்டியா? காத்தத்தான் ஏத்தினு போற." சூட்கேஸ்களைத் திறந்து துணிகளை வெளியே எடுக்கச் சொன்னார். கொஞ்சம் துணி போர்வையில் மூட்டையாகி டிக்கியின் மூலைக்குப் போனது. மிச்சம் தண்ணீர் கேனுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் நடுவே இருந்த சந்துகளில் நுழைந்தது. பெட்டியில் சரக்கு ஆடாமல் இருக்க இடைவெளிகளில் காற்றுப் பை வைத்து அடைப்போம். அந்த வேலையை என் வேட்டிகளும் பிள்ளைகளின் சட்டைகளும் செய்தன. மனைவி மட்டும் எம்.சி. ரோடு பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி தூத்துக்குடி போய் நிற்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

கேரம் போர்டு மேலே கேரியருக்குப் போனது. அண்ணன் அதைப் போர்வையில் சுற்றி, முகம் கீழே பார்க்கப் படுக்கவைத்து, தட்டிப் பார்த்துவிட்டு, "இதான் பாலட்டு" என்றார். மகள் அழ ஆரம்பித்ததும், கனமாக எதையும் மேலே வைப்பதில்லை என்று ஒப்பந்தமானது. தலையணை, கவிழ்த்த ஸ்டூல், அதன் நான்கு காலுக்கு நடுவே மூன்று கவர் போட்டுச் சுற்றிய கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய், கயிறு. "நாய்க்கும் இதுக்கும் நடுவுல இரும்புக் கூரை கீது. ஒண்ணும் ஆவாது" என்றார். பத்து நிமிஷம். தெருவே கைதட்டியது. டாலி கிளார்க் மாதிரி கையில் பேனாவோடு நான் ஓரமாக நின்றிருந்தேன்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, மணலி, மாதவரம் என்று போய் பைபாஸ் பிடித்தோம். பெருங்களத்தூர் தாண்டியதும்தான் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஓடுவது புரிந்தது. இடப்பக்க ஜன்னலோரம் அம்மா. அம்மா இருக்கிற பக்கம் நாயின் தலையும் முன்பாதியும். முன்சீட்டில் புடவைப் பையோடு மனைவி. 60 சதவீத விதியை நீளத்துக்குத்தான் படித்திருந்தேன், அகலத்துக்கு இல்லை.

பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் பக்கத்திலும் டோல்கேட் இருக்கிறது. மெட்ரோ நிலையத்துக்குக்கூடச் சுங்கச்சாவடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. பஸ் நிற்கும், அவ்வளவுதான். ஃபாஸ்டேக்கில் காசு பிடித்த செய்தி போனில் வந்ததும் மகன், "நம்ம டோல்கேட் மாரி இங்க பஸ் நிக்காதாப்பா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் வாந்தி எடுத்தான். நாய்க்கு வழியில் ஒத்துக்கொள்ளாது என்று முந்தின இரவிலிருந்தே அதைப் பட்டினி போட்டிருந்தோம். பிள்ளைக்கு நாலு இட்லி கொடுத்திருந்தோம்.

மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் நாயை விட்டால் சில நிமிஷங்களில் உள்ளே அடுப்பாகிவிடும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள அதற்கு வழியில்லை, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். அதனால் திருச்சியில் சாப்பாடு ஷிஃப்ட் முறையில். முதல் ஷிஃப்ட் அம்மாவும் பிள்ளைகளும். இரண்டாம் ஷிஃப்ட் மனைவி. மூன்றாம் ஷிஃப்டுக்கு நான் போனபோது ரசம்தான் இருந்தது. மரத்தடியில் ட்ரெய்லர் தண்ணீர் குடித்துவிட்டுக் காரின் கூரையையே அண்ணாந்து பார்த்தபடி நின்றது. மதுரையிலும் அப்படியே. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று வண்டி எங்கே நின்றாலும் அதன் மூக்கு மேல்நோக்கியே இருந்தது. பக்தி முற்றிய மாதிரி.

மாமனார் வீடு துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய தெருவில். மாலை ஆறு மணிக்குப் போய் நிறுத்தினேன். மாமியார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர். மகன் பின்கதவைத் திறந்தான். நாய் ஒரே தாவில் வெளியே, பானெட், அடுத்த தாவில் மேலே. தார்ப்பாய் கிழிகிற சத்தம் கேட்டது.

"ட்ரெய்லர்! அப்பா, ட்ரெய்லர்! ட்ரெய்லர்!"

மாமியார் தட்டோடு வீட்டுக்குள் போய்விட்டார். மாமனார் என் அம்மாவின் கையைப் பிடித்துத் திண்ணைக்கு இழுத்தார். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் படியேறி நின்றார். அத்தனை பேரும் கழுத்தை நீட்டிச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

"எங்கல வருது ட்ரெய்லரு?" என்றார் பெரியவர்.

அவர் தலைக்கு மேலே, மகளின் கேரம் போர்டில் நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டு, அது இரண்டாவது கவரைப் பிரித்துக்கொண்டிருந்தது.