தன்செவி, பிறர்செவி: ஹெட்போனும் மைக்கும் தெரிந்தெடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

இல்லத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அண்மைக் காலத்தில் எழும் பூசல்களுள் பெரும்பகுதி, “எத்தனை தடவை கூப்பிடறது, காது கேக்கலையா?” என்னும் ஒற்றை வினாவில் தொடங்குவதை யாவரும் அறிவர். அவ்வினாவுக்குக் காரணமாகிய கருவியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதற்குத் தமிழில் முறையான ஆய்வு இல்லை. சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் சொல்வதும், எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையன் சொல்வதும், யூடியூபில் பெட்டியைப் பிரித்துக் காட்டுவோர் சொல்வதுமே இதுவரை பிரமாணங்களாக இருந்து வருகின்றன. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும். அம்முரணைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

இதற்குப் பழைய நூற்பா எதுவும் கிடைக்காமையின், ஆய்வாளரே ஒன்று யாத்துக்கொண்டார்:

தன்செவிக்கு உதவுவது தலைமேல் கருவி;
பிறர்செவிக்கு உதவுவது வாய்முன் கருவி;
முன்னதற்கு இறைப்பர், பின்னதை மறப்பர்.

இதன் பொருள்: ஹெட்போன் அதை அணிந்தவருக்கு மட்டும் பயன் தருவது, மைக்கோ அதன் முன் பேசுகிறவருக்கு ஒரு பயனும் தராதது. தன் மைக் எப்படிக் கேட்கிறது என்பது அதற்கு உரியவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆகவே மக்கள் காசையெல்லாம் காதில் கொட்டிவிட்டு வாய்க்கு மிச்சத்தைத் தருகின்றனர் என்றவாறு. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

வரலாற்றை விரைந்து கடப்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து, 1910இல் அந்நாட்டுக் கடற்படைக்கு விற்கத் தொடங்கினார். 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48ஐக் கொண்டுவந்தது. 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், பாட்டு கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் செய்தார். 1968இல் சென்ஹைசரின் எச்டி 414, பின்புறம் திறந்த வகையை அறிமுகப்படுத்தியது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபின் இக்கருவி தெருவுக்கு இறங்கிற்று. இவற்றுள் ஆய்வாளர் அழுத்திச் சொல்ல விரும்புவது முதல் செய்தியை மட்டுமே: சமையலறையில் பிறந்த கருவி, இன்று சமையலறையிலிருந்து வரும் குரலைத் தடுப்பதற்காக வாங்கப்படுகிறது.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பனவற்றை ஆராய்வாம். ‘10 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று சில பெட்டிகளில் காணப்படும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற மேலெல்லை இறங்கிக்கொண்டே வரும். நாய்க்கு 40,000க்கு மேலும் கேட்கும். எனவே அவ்வெண் பொய்யன்று. வாங்குகிறவர் யார் என்பதில்தான் நிறுவனம் சற்றே குழம்பியிருக்கிறது. ‘50 எம்.எம். டிரைவர்’ என்பதும் அத்தகையதே. டிரைவர் என்பது உள்ளிருந்து ஒலியெழுப்பும் சிறு ஸ்பீக்கர்; அகன்றது நன்றாக ஒலிக்கலாம், ஒலிக்காமலும் போகலாம். அகலத்தைக் கொண்டு இசையை அளப்பவர், தோசையின் சுவையைக் கல்லின் சுற்றளவால் அளப்பவர்.

‘7.1 சரவுண்ட்’ என்பது மேலும் நுட்பமானது. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே டிரைவர்கள்தாம் உள. அது குறையன்று, ஏனெனில் காதும் இரண்டே. வலப்பக்க ஒலி வலக்காதை முதலில் எட்டி, இடக்காதைச் சற்றுப் பிந்தி எட்டும். மிகுந்தால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அத்தாமதத்தையும், இரு காதுகளுக்கிடையே ஒலி வலிமையில் உள்ள வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையறிகிறது என்பதை ரேலி பிரபு 1907இலேயே விளக்கிவிட்டார். நல்ல ஸ்டீரியோ ஹெட்போனும், ஒலியை ஒழுங்காகக் கணக்கிடும் விளையாட்டும் இருந்தால் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பது தெரியும். பெட்டிக்குள் எட்டு ஸ்பீக்கர் இருப்பதாக எண்ணி மகிழ்வோரை ஆய்வாளர் கலைக்க விரும்பவில்லை.

வண்ண விளக்குகள் பற்றி ஒரு குறிப்பு. கேமிங் ஹெட்செட்டின் இரு காதுப்புறங்களிலும் வானவில் நிறங்கள் ஓடும். அதற்கும் சேர்த்தே விலை வைக்கப்படுகிறது. அணிந்தவர் அதைக் காண முடியாது. காண வல்லார், பின்னால் வந்து நிற்கும் அப்பா ஒருவரே. அவரும் அதை இரசிப்பதற்காக வந்து நிற்பவர் அல்லர்.

கடைக்களத்தில் நடப்பதையும் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் டெமோ பீஸை எடுத்து, காதுப்பஞ்சை இடுப்பு வேட்டியில் ஒரு துடை துடைத்து, “போட்டுப் பாருங்க சார், பேஸ் சும்மா அதிரும்” என்று ஒரு குத்துப்பாட்டைப் போடுவார். அதிரும்; மறுப்பதற்கில்லை. ஆனால் கனத்த ஒலி மெல்லிய ஒலியை மூடும் என்பது செவியியலின் பால பாடம். பி.ஜி.எம்.ஐ., வேலரன்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் உயிரைக் காப்பது குண்டுச் சத்தம் அன்று. மாடிப்படியில் ஒருவன் மெல்ல வைக்கும் காலடி. அந்தக் காலடியைப் பேஸ் விழுங்கிவிட்டால், அதிர்ந்துகொண்டே சாக வேண்டியதுதான். இசைக்கும் இதே விதி. தபேலாவின் இடக்கை ஓசை ஊதிப் பெருத்தால், அதன்மேல் நிற்கும் வயலினும் பாடகரின் மூச்சும் பின்னுக்குப் போய்விடும். கேமுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று கடைக்காரர் பிரித்துச் சொல்வது வியாபாரம். ஒலிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஹெட்போன் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அவர் போடும் பாட்டைத் தவிர்த்து, தமக்கு மனப்பாடமான பழைய பாட்டைப் போடச் சொல்க. 1978இல் வெளியான ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடமும் வலமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்க ஏற்றவை. ஆயிரம் தடவை கேட்ட பாட்டில் அதுவரை கவனியாத ஒரு கருவி எட்டிப் பார்த்தால் பர்ஸைத் திறக்கலாம்.

உடற்கூறும் தட்பவெப்பமும் தனி அதிகாரம் பெறத்தக்கவை. ஐரோப்பியர் செய்த கருவி சென்னையின் மே மாதத்தைக் கனவிலும் கண்டதில்லை. செயற்கைத் தோல் போர்த்திய மூடிய ஹெட்போனைக் கழற்றினால் காதைச் சுற்றி வேர்வை வட்டம் ஒன்று எஞ்சும். சில வருடங்களில் அத்தோல் உதிரத் தொடங்கும். கறுப்புச் செதில்கள் காதுமடலிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொள்ள, அந்நிலையில் சாப்பிட வரும் மகனைப் பார்த்து, “காதுக்குப் பின்னாடி தேச்சுக் குளிக்கிறதே இல்லை” என்று தாய் முடிவு கட்டுவது இயல்பு. வெல்வெட் போன்ற துணிப்பஞ்சு உதிர்வதில்லை; பஞ்சைக் கழற்றி மாற்ற முடியுமா என்று வாங்குமுன் கேட்க. கண்ணாடி அணிவோர்க்கு மற்றொரு தொல்லை: கண்ணாடிக் காம்பு பஞ்சுக்கும் தலைக்கும் நடுவே சந்து உண்டாக்கும், அச்சந்து வழியே பேஸ் ஒழுகிப்போகும். கண்ணாடி அணிந்தபடியே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

பின்புறம் திறந்த ஹெட்போன் காற்றோட்டம் உடையது. ஒலி தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்கும். ஆனால் உள்ளே ஓடுவது அறை முழுவதற்கும் கேட்கும். அறையில் ஓடும் மின்விசிறி உள்ளே கேட்கும். தனி அறை உள்ளவர்க்கே அது ஆகும். ஹாலில் அமர்பவர் மூடியதையே கொள்க.

இரைச்சல் நீக்கும் வகையைப் பற்றி மக்களிடையே பெரிய நம்பிக்கை நிலவுகிறது. அது வெளியிலிருந்து வரும் ஒலியை மைக்கால் கேட்டு, நேர் எதிரான ஒலியை எழுப்பி அழிக்கும். விமான இரைச்சல், ஏ.சி. முனகல், விசிறியின் ‘ஹூம்’ ஆகியவை தாழ்ந்தும் மாறாமலும் ஒலிப்பவை, அவை அடங்கிவிடும். திடீரென எழுவதும் உயர்ந்த சுருதியில் ஒலிப்பதும் அத்தனை எளிதில் அடங்கா. சமையலறையிலிருந்து “டேய்!” என்று புறப்படும் குரல் இவ்விரு இலக்கணமும் முற்றப் பொருந்தியது. சுற்றியிருந்த இரைச்சலையெல்லாம் கருவி துடைத்துவிடுவதால் அக்குரல் முன்னிலும் துலங்கி ஒலிப்பதும் உண்டு. இவ்வொரு காரணத்துக்காக வாங்க எண்ணியிருப்போர் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

‘ஓம்ஸ் கூட இருந்தா குவாலிட்டி கூட’ என்பது வேறொரு கடைவீதிச் சூத்திரம். ஓம் என்பது மின்தடையின் அளவு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்னும் ஒரே மாடலே 32, 80, 250 ஓம் என மூவகையாக விற்கப்படுகிறது. 250 ஓமை நேரே போனில் செருகினால் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துப் பாட்டுபோல் மெலிந்து ஒலிக்கும். ஆம்ப் இல்லாதவர் 32ஐ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

புளூடூத் பாட்டுக்குப் போதும். விளையாட்டில் துப்பாக்கி வெடித்தபின் சத்தம் பிந்தி வரும். சாதாரணமாக வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதனினும் மிகுதி. இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைக் கணினியில் ஆன் செய்த மறுகணம், அதுவரை விரிந்து ஒலித்த பாட்டு தொலைபேசித் தரத்துக்குச் சுருங்கி, இடவலம் இழந்து, கிணற்றுக்குள் விழும். பலர் ஹெட்போன் கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடுகின்றனர். கெடவில்லை, பேச்சும் பாட்டும் ஒரே குறுகிய சந்தில் போக நேர்ந்ததால் பாட்டு ஒதுங்கி வழிவிட்டது. வயர் இல்லாமல்தான் வேண்டுமெனில், யு.எஸ்.பி.யில் செருகும் தனி டாங்கிளோடு வருவதை வாங்குக.

இனி மைக். நூற்பாவின் இரண்டாம் அடிக்கு வந்துவிட்டோம். இங்கேதான் சமூகம் தவறிழைக்கிறது.

ஹெட்செட்டின் பக்கத்தில் குச்சிபோல் நீளும் மைக்கின் உள்ளே இருப்பது பெரும்பாலும் எலெக்ட்ரெட் வகை. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962இல் உருவாக்கியது. சிறியது, மலிவானது, உழைப்பாளி. ஆனால் மலிவான ஹெட்செட்டில் அது நண்பர் எழுவருக்கு ஒரு குடும்பத்தையே அறிமுகம் செய்துவைக்கும். குக்கர் எத்தனை விசில் விட்டது, மிக்ஸியில் அரைபடுவது சட்னியா மாவா, மாலைத் தொடரில் இன்று அழுவது மாமியாரா மருமகளா என்பதை வேறொரு ஊரில் இருக்கும் டீம்மேட் துல்லியமாக அறிவான். மைக்குக்கு உரியவனுக்கோ இவற்றுள் எதுவும் கேட்காது, ஏனெனில் அவன் காதில் நல்ல ஹெட்போன் இருக்கிறது.

தனி மைக் வாங்குவோர் கண்டென்சரா, டைனமிக்கா என்று மயங்குவர். டைனமிக் இரைச்சலை விரட்டும் என்பது பாதி உண்மை. அதற்கு ஒலியுணர்வு குறைவாதலால் வாயருகே வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கம்தான் இரைச்சலை வெல்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் இறங்கும். அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக்கின் ஒலிப்பெருக்கத்தை, திருகினால் விசிறியும் சேர்ந்து ஏறும். ஆகவே எந்த மைக்காயினும் ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க. நேர் எதிரே வேண்டாம், கடைவாய்ப் பக்கம் சற்றே சாய்க்க. “பின்னாடி பின்னாடி, பாம் போடு!” என்று கத்தும்போது பகரந்தோறும் புறப்படும் காற்று, நேரே வைத்த மைக்கில் இடியாக விழும். கார்டியாய்டு வகை முன்னே கேட்டுப் பின்னே செவிடாவது. விசைப்பலகையும் சன்னலும் அதன் முதுகுப்புறம் அமையுமாறு திருப்புக. ப்ளூ யெட்டி போன்றவற்றுக்குப் பக்கவாட்டில்தான் காது. அதன் உச்சந்தலையைப் பார்த்துப் பேசுவோர் ஏராளம். அவர்கள் கட்டளையிட்டுக்கொண்டிருப்பது ஒரு மூடியிடம்.

தமிழ் யூடியூப் நேர்காணல்களில் இருவர் நடுவே இரும்புக் கை நீட்டி நிற்கும் கறுப்பு உருளை, ஷூர் எஸ்எம்7பி. அதன் முன்னோடியான எஸ்எம்7இல்தான் 1982இல் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாடல்களின் குரல் பதிவாயிற்று. அதற்கு ஏறத்தாழ 60 டெசிபெல் கெயின் வேண்டும். நல்ல இன்டர்ஃபேஸ் இல்லாமல் வாங்கியவரின் குரல் முணுமுணுப்பதுபோல் கேட்கும். “ரிவைவ் பண்றா” என்று சொல்ல அது தேவையா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

நள்ளிரவுக் கூச்சலுக்கும் சாத்திரம் உண்டு. சுற்றிலும் சத்தம் மிகுந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எழுதினார். காதுக்குள் போர் நடக்க, தன் குரலும் கேட்காதபடி காது மூடியிருக்க, பையன் கத்துவது திமிரன்று, அனிச்சை. தன் குரலைத் தன் காதுக்கே சிறிது திருப்பித் தரும் ‘சைட்டோன்’ வசதி சில ஹெட்செட்டுகளில் உண்டு. அபார்ட்மென்ட்வாசிகள் வண்ண விளக்கை விட்டுவிட்டு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே ஆய்வாளரின் தீர்ப்பு: ‘கேமிங்’ என்னும் சொல்லைக் கண்டதும் பர்ஸை மூடி, இசைக்கென்று செய்த ஹெட்போன் ஒன்றும், எளிய யு.எஸ்.பி. மைக் ஒன்றும் தனித்தனியே வாங்குக. ஒன்று பழுதானாலும் மற்றது பிழைக்கும். அதற்கும் வழியில்லாமல் ஒற்றை முள் ஹெட்செட்டை வாங்கி, கணினியின் பின்னால் பச்சைத் துளையில் செருகிவிட்டு மைக் வேலை செய்யவில்லை என்று வருந்துவோர், பச்சை காதுக்கும் இளஞ்சிவப்பு வாய்க்கும் என்பதறிந்து, இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்க.

ஆய்வின் எல்லை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். மாலை நேரத் தாம்பரம் மின்ரயிலில் ஹெட்போனும் இன்றி, மைக்கும் இன்றி, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஒரே ரீல்ஸை முழுச் சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டி முழுவதும் கேட்கச் செய்வோர் ஒரு சாரார் உளர். தன்செவி பிறர்செவி என்னும் வேறுபாடே அறியாதவர் ஆதலின் அவர்கள் இக்கட்டுரைக்குள் அடங்கார். ரயில்வே பாதுகாப்புப் படை தனியே ஆராயத்தக்கவர்.