ஐந்து நட்சத்திர நூல்

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆன்லைன் மொத்தச் சந்தையில் நூல் வாங்கலாமென்று பார்த்தால், எல்லா சப்ளையருக்கும் ஐந்து நட்சத்திரம்! யாரை நம்புவது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நல்ல சப்ளையர் கிடைத்தவர் வாயே திறக்க மாட்டார். பக்கத்துத் தெருப் போட்டியாளருக்கு அவரே வழிகாட்டுவாரா என்ன? ஆகவே, 'சூப்பர் குவாலிட்டி, உடனடி டெலிவரி' என்று உருகுகிறவர் பெரும்பாலும் சப்ளையரின் மைத்துனர். நிஜமாக வாங்கியவர் பாராட்டினாலும் நடுவே முனகுவார்: கவுண்ட் முன்னே பின்னே, ஒரு லாட்டில் ஷேடு மாறிவிட்டது, கடன் தவணை போதவில்லை. முனகலை நம்புங்கள்.

அமெரிக்காவில் பொய் விமர்சனத்தை விற்றாலும் வாங்கினாலும் 2024 அக்டோபர் முதல் அபராதம் உண்டு. இங்கே 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது, விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்று! யாருக்கு விருப்பம் வரும்?

ஆகவே நீங்களே சோதியுங்கள். சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, ரிட்டர்ன் தாக்கல் விவரம் எல்லாம் இலவசம். சில 'முப்பது வருடப் பாரம்பரியங்கள்' போன தீபாவளிக்குத்தான் பதிவாகியிருக்கும். அதில் தேறினால், சாம்பிளுக்குச் சில கோன் வாங்கி உங்கள் நிட்டிங்காரரிடம் கொடுங்கள். அவர் இதுவரை யாரையும் பாராட்டியதாகச் சரித்திரமில்லை.