ஊசி எங்கே நிற்கிறது?

கேள்வி: தையல் மெஷின் வாங்கப் போகிறேன். '200 வகைத் தையல் வரும்' என்கிறார் கடைக்காரர். உண்மையில் எந்த வசதி முக்கியம்?

பதில்: அதில் 198-ஐ அவரே வைத்துக்கொள்ளட்டும். ஜாக்கெட்டுக்கும் தலையணை உறைக்கும் நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போதும். துணி ஓரத்தில் வாத்து வரிசை ஓடவிட யாரும் மெஷின் வாங்குவதில்லை. ஒரு வசதியை, கை அதை எத்தனை முறை தேடுகிறது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலிடம், நிறுத்தும்போது ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி நிறுத்தும் பொத்தானுக்கு. காலர் முனையில் துணியைத் திருப்பும்போது ஊசிதான் அச்சாணி. அது மேலே நின்றுவிட்டால் துணி இழையளவு நகரும்; கூராக வரவேண்டிய முனை சப்பை மூக்காகிவிடும். அடுத்தது, பாபினில் மிச்சமுள்ள நூலைக் காட்டும் கண்ணாடி மூடி. நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழத்துக்கு வெறும் ஓட்டை போட்டவர்களிடம் அதன் அருமையைக் கேளுங்கள்.

'காலால் மிதிக்கும் தெருமுனை டெய்லரிடம் இதெல்லாம் இருக்கிறதா?' என்பீர்கள். இருக்கிறது. அவர் வலது கை சக்கரத்தைப் பிடித்து ஊசியை இறக்கி நிறுத்துகிறதே, அதேதான்! அந்தக் கை பழக வருஷக்கணக்காகும்; பொத்தானை அழுத்த ஒரு நொடி. ஊசியில் நூல் கோர்த்துத் தரும் கொக்கியா? வயது 40 தாண்டியிருந்தால் அதையே முதலிடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. அழுத்திப் பிடித்தால் அந்தக் கொக்கி வளைந்துவிடும், அவ்வளவுதான்.