மஞ்சள் கடுதாசிக்குக் குறுக்குவழி: பாரிஸ் கடைக்காரருக்குச் சில யோசனைகள்

நீங்கள் 1820 வாக்கில் பாரிஸில் வாசனைக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிராமத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, எடுபிடியாகச் சேர்ந்து, கடைசியில் அந்தக் கடையையே வாங்கிவிட்டீர்கள். கல்லாவில் உங்கள் மனைவி. அவர் அங்கே இருக்கும்வரை நீங்கள் திவாலாக வழியே இல்லை. ஆகவே முதல் வேலையாக அவரை எழுப்பி, மாடியில் புதிதாக ஒரு வரவேற்பறை கட்டி அங்கே உட்கார வையுங்கள்.

பலன் உடனே தெரியும். ஒரு சீமாட்டியின் பணிப்பெண் வந்து ஆறு ஜோடி கையுறையும் இரண்டு புட்டி தைலமும் எடுத்துக்கொண்டு, "கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்பாள். மனைவியாக இருந்தால் பேரேட்டைத் திருப்பிவைத்து, விரலால் பழைய பாக்கியைத் தொட்டுக் காட்டியிருப்பார். நீங்களோ வாசல்வரை போய்க் குனிந்து வழியனுப்புவீர்கள். பிரபு வீட்டு வாடிக்கை அல்லவா!

வரி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 1814 சாசனப்படி, முப்பது வயதாகி, ஆண்டுக்கு 300 பிராங்க் நேரடி வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. கடை நடத்தக் கட்டும் உரிம வரியும் அந்தக் கணக்கில் சேரும். ஊரில் எல்லோரும் வரியைக் குறைக்க வழி தேடும்போது, நீங்கள் மட்டும் 'இன்னும் கொஞ்சம் போடுங்கள்' என்று கேட்கலாம். தேசியக் காவல்படையிலும் சேருங்கள். சீருடை சொந்தச் செலவு, ராத்திரிக் காவல் இலவசம்.

இனி மனை. தைலம் காய்ச்சிப் பணக்காரனாவது மெதுவான வழி. ஊர் வளரும் பக்கத்தில் கடன் வாங்கி நிலம் வாங்கிப் போடுங்கள்; பணத்தை நோட்டரியிடம் ஒப்படையுங்கள். பால்சாக் 1837-இல் எழுதிய நாவலில் சேஸார் பிரோத்தோ என்ற வாசனைக் கடைக்காரர் இதைத்தான் செய்தார். அரசு கொடுத்த பட்டத்தைக் கொண்டாட வீட்டை இடித்துக் கட்டி நடன விருந்தும் வைத்தார். நோட்டரி ஓடிப்போனார். விருந்துக்கு விளக்குப் போட்டவரும் விரிப்புப் போட்டவரும் பில்லோடு வாசலில் நின்றார்கள்.

உண்டியல், அதாவது தவணைக் கடன்சீட்டு, எழுதும்போது கை நடுங்கக்கூடாது. தொண்ணூறு நாள் தவணை என்பது மிக நீண்ட காலம்போலத் தோன்றும். அதற்குள் உங்கள் தாள் நாலு கை மாறியிருக்கும். முதுகில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் பொறுப்பு. தவணை நாளில் பணமில்லை என்றால் மறுநாளே அமீனா வந்து அதைப் பதிவுசெய்வார். நேற்றுவரை நண்பர்களாயிருந்தவர்கள் எத்தனை பேர் அந்தத் தாளின் முதுகில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

திவாலானபின் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 1807 வணிகச் சட்டப்படி, அசல், வட்டி, செலவு எல்லாவற்றையும் கட்டித் தீர்த்து நீதிமன்றத்தில் பெயரை மீட்கும்வரை பங்குச் சந்தைக்குள் மட்டும் கால் வைக்கக்கூடாது. கடனுக்காகச் சிறை உண்டு. சேன்த் பெலாஜி சிறை அதற்குப் பேர்போனது. ஆனால் உள்ளே உங்களுக்குச் சோறு போடும் செலவை முன்கூட்டியே கட்டவேண்டியவர் கடன் கொடுத்தவர். அவர் கட்ட மறந்தால் நீங்கள் வெளியே. பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிடிபடாமலும் இருக்கலாம். பொழுது விடியுமுன்னும் சாய்ந்தபின்னும் கைது செய்யக்கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் கூடாது, பூசை நடக்கும் நேரத்தில் கோயிலுக்குள்ளும் கூடாது. ஆக, வாரத்தில் ஆறு பகல்தான் ஒளிய வேண்டும். கடனுக்குச் சிறையில் போடும் இந்த வழக்கத்தை 1867-இல் எடுத்துவிட்டார்கள்.

ஒளிவதற்கு வீடு பார்க்கும்போது பால்சாக்கையே பின்பற்றுங்கள். 1828-இல் அச்சகத் தொழில் மூழ்கி ஏறக்குறைய 60,000 பிராங்க் கடனோடு கரையேறியவர் அவர். 1840-இல் அவர் குடிபோன பாஸி வீட்டுக்கு மேல்தெருவில் ஒரு வாசல், கீழ்ச்சந்தில் இன்னொன்று. வாடகைச் சீட்டும் அவர் பெயரில் இல்லை.