முசுறின் தனிக்குடித்தனம்

கேள்வி: ஆழ்வார்திருநகரியில் மாங்காய் பறிக்க ஏறினால் கடிக்கும் முசுறும், ஐரோப்பியக் காட்டெறும்பும் சொந்தமா?

பதில்: ஒருகாலத்தில் ஒரே வீடு! லின்னேயஸ் 1758-இல் எறும்புகளையெல்லாம் ‘ஃபார்மிகா’ என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். 1775-இல் டென்மார்க்கின் ஃபேப்ரிசியஸ் முசுறையும் அங்கேயே ‘ஃபார்மிகா ஸ்மரக்டினா’ என்று குடியேற்றினார்.

ஆனால் குணம் வேறு. காட்டெறும்பு ஊசியிலைச் சருகைக் குவித்துத் தரையில் புற்று எழுப்பும். முசுறோ மரத்திலேயே இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவை வாயில் கவ்வி, அது விடும் பட்டிழையால் தைக்கும். (பிள்ளையை வேலைவாங்குவதில் முசுறை மிஞ்ச ஆளில்லை.)

1860-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஃபிரெடரிக் ஸ்மித் ‘ஈகோஃபில்லா’ என்று தனிக்குடித்தனம் வைத்துக்கொடுத்தார்.

துணைக்குடும்பம் மட்டும் இன்றும் ஒன்றே. இரண்டுக்கும் கொடுக்கு கிடையாது. கடிவாயில் எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலம் பங்காளிச் சொத்து!