வாளியின் தூரமும் வாழையின் இருப்பிடமும்: கொல்லைப்புற நீரியலில் ஓர் ஆய்வு

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை நிற்பது ஏன் என்ற கேள்வியைத் தாவரவியலாளர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: வாழைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். இந்த விளக்கம் போதாது. வாசலில் வாடிக் கிடக்கும் குரோட்டன்ஸுக்கும்தான் தண்ணீர் வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை யாரும் அதுவரை சுமந்து போவதில்லை. ஆகவே இக்கட்டுரை முன்வைக்கும் கருதுகோள் இது: ஒரு வீட்டுத் தோட்டத்தின் வரைபடத்தைத் தீர்மானிப்பது மண்ணும் அல்ல, வெயிலும் அல்ல. நிறைந்த வாளியைத் தூக்கிய கை எங்கே அலுத்துப்போகிறதோ, அங்கேதான் செடி பிழைக்கிறது.

முதலில் கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதில் குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10. (அட்டவணையை எழுதியவர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களாகத் தெரியவில்லை.) நால்வர் வாழும் வீட்டில் இந்த நான்கு வகையில் மட்டும் 380 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. 15 லிட்டர் வாளியில் மொண்டால் 25 நடைக்கும் மேல். ஒவ்வொரு நடைக்கும் 15 கிலோ. கொல்லையில் தோட்டம் ஏன் செழிக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

நீர் தூரத்துக்கு அஞ்சுவதில்லை என்பதும் இங்கே பதிவு செய்யத்தக்கது. கிருஷ்ணா நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கு வருகிறது. வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னை சேர்கிறது. ஏரிகள் வறண்ட 2019இல், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயிலே ஏறி வந்தது. இவ்வளவு தூரம் பயணம் செய்த நீர், குளியலறை வாசலிலிருந்து முருங்கைக்குப் போகவேண்டிய கடைசி முப்பது அடியில்தான் நின்றுவிடுகிறது. ரயிலுக்கு எஞ்சின் உண்டு. வாளிக்கு மருமகள்தான் உண்டு.

மாமியார்கள் இத்துறையில் வகைப்பாட்டை எப்போதோ முடித்துவிட்டார்கள். அரிசி களைந்த தண்ணீர் முதல் தரம். மாடு இருந்த காலத்தில் கழுநீர்ப் பானைக்குப் போனது, இப்போது தொட்டிச் செடிக்கு. “மீன் கழுவுன தண்ணிய சிங்க்ல ஊத்தாத, கறிவேப்பிலைக்கு ஊத்து” என்பது இப்பள்ளியின் மூலச் சூத்திரம். எண்ணெய்ச் சட்டி கழுவியது எந்தச் செடிக்கும் ஆகாது. பிசுக்கு மண்ணில் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. கடைசி அலசல் தண்ணீர் நல்லது, முதல் நுரைத் தண்ணீர் கெட்டது. ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரை மட்டும் இப்பள்ளி தவறாகக் கணித்தது: பார்க்கப் பளிங்குபோல் இருந்தாலும் உப்பு அதில்தான் கூடுதல். தரை துடைக்கலாம், தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

சோப்புத்தூள் பற்றிய அத்தியாயம் கொஞ்சம் கசப்பானது. அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். பிரிந்த துகள் மண்ணின் துளைகளை அடைக்கும். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே பளபளத்து நிற்கும், காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். காரத்தன்மை ஏறினால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால், நோய்க்கு மருந்து தேடுமுன் எந்தத் தூளில் துவைக்கிறோம் என்று பார்ப்பது சிக்கனம். ப்ளீச்சிங் பவுடர் கலந்த நீர், சோப்பைத் தின்று செரிக்கும் மண் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். கழுவிய எந்த நீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றம் எடுக்கும். அப்போது ஆய்வில் அண்டை வீட்டாரும் பங்கேற்கத் தொடங்குவார்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாப் பக்கம் இந்த நீர் போகவே கூடாது.

கல்வாழையைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. குளித்த நீரையும் துவைத்த நீரையும் இதுபோன்ற செடிகள் நட்ட பாத்தியில் விட்டால் மண்ணே வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்பிவிடும் என்று சென்னையில் விடாமல் எடுத்துச் சொன்னவர் வேதியியலாளர் இந்துகாந்த் ராகடே. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் குழாய், கொஞ்சம் ஜல்லி, நாலு கிழங்கு. பாராட்டாதவர்கள் குறைவு; பாத்தி போட்டவர்கள் அதிலும் குறைவு. காரணம் எளிது. பெரும்பாலான வீடுகளில் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் சுவருக்குள்ளேயே கைகோத்துவிடுகின்றன. கட்டிய பிறகு பிரிக்கச் சுவரை உடைக்கவேண்டும். கட்டும்போது யாரும் பிளம்பரிடம் வாழையைப் பற்றிப் பேசுவதில்லை.

நமது கருதுகோளை நிரூபித்தது வாஷிங் மெஷின். அது தண்ணீரைத் தானே வெளியே தள்ளுகிறது. கழிவுக் குழாயை ஜன்னல் வழியே நீட்டி, நூல்பிசிறு தங்க வாயில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டிவிட்ட வீடுகளில், துவைக்கிற கல்லடியில் இருந்த பசுமை ஜன்னலடிக்கு இடம் மாறியிருக்கிறது. மண் அதே மண், வெயில் அதே வெயில். மாறியது தூக்கும் வேலை ஒன்றுதான். (குழாயை ஒரே இடத்தில் விடாமல் அவ்வப்போது நகர்த்துவது நல்லது, அதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பதை ஆய்வு மறைக்கவில்லை.)

ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். வாசலிலிருக்கும் துளசி மாடம் வெகுதூரம். ஆனாலும் அங்கே தினமும் நல்ல தண்ணீர் போகிறதே? போகிறது. ஆனால் போவது வாளி அல்ல, செம்பு. எடை அரை கிலோ. விதி உடையவில்லை.

தீட்டு பற்றிய வினாதான் இன்னும் சிக்கலாக நிற்கிறது. குளித்த தண்ணீரில் பூத்த செம்பருத்தி சாமிக்கு ஆகாது என்கிற அதே வீட்டில், எல்லாத் தண்ணீரையும் குடித்து வளர்ந்த வாழையின் நுனி இலையில்தான் அமாவாசைப் படையல். இந்தச் சலுகை வாழைக்கு மட்டும் ஏன் என்று விசாரித்ததில், “இலையத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சிட்டுத்தானே சோறு போடுறோம்” என்று பதில் வந்தது. தெளித்து வழித்த அந்தத் தண்ணீர் எந்தச் செடிக்குப் போகிறது என்று கேட்டபோது, ஆய்வாளர் கையில் ஒரு வாளி கொடுக்கப்பட்டது.