பிறந்தநாளை முதலில் குறியுங்கள், பாதையைப் பிறகு

ஆஸ்திரேலியாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறவர்களை ‘கிரே நோமட்’ என்பார்கள். நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வந்திருக்கும் கடிதங்களில் பாதி, வழியில் நடந்த விபரீதம் பற்றி. மீதி, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் பற்றி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கடிதம் முதலில்.

பேரனின் பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிளைக் கேரவனின் பின்பக்கக் கம்பியில் கட்டிக்கொண்டு போர்ட் அகஸ்டாவிலிருந்து வந்தோம். மாலை ஐந்து மணிக்குக் கேக். 110-ல் ஓட்டினேன். ஒரு பெரிய லாரி கடந்ததும் கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடியது. எப்படியோ தப்பினோம். எங்கே தவறு?
(வாசகர், அடிலெய்டு)

நீங்கள் பிழைத்து வந்ததுதான் பேரனுக்குக் கிடைத்த பெரிய பரிசு.

சைக்கிளைக் கட்டிய இடமே தவறு. கேரவனில் கனமான சாமான் எல்லாம் தரையை ஒட்டி, சக்கரங்களுக்கு மேலாக இருக்க வேண்டும். பின் நுனியில் தொங்கும் எடை, முன்னால் காரின் கொக்கியில் விழ வேண்டிய பாரத்தைக் குறைத்துவிடும். அந்தப் பாரம் கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்பது இந்த ஊரில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அது குறைந்துவிட்டால் லாரியின் காற்று ஒரு தட்டு தட்டினாலே போதும். மீதியை வேகம் பார்த்துக்கொள்ளும்.

ஆட ஆரம்பித்துவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கார் பிரேக்கில் கால் போகக் கூடாது. கார் வேகம் குறையும், பின்னால் வரும் இரண்டு டன் குறையாமல் காரை முட்டித் திருப்பும். டாஷ்போர்டில் கேரவன் பிரேக்குக்கென்று தனியாக ஒரு கன்ட்ரோலர் இருக்கிறதே, அதைக் கையால் இயக்குங்கள். கேரவனின் சக்கரங்கள் மட்டும் பிடிக்கும், வண்டி பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது. கிளம்பும் முன் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுக் காட்டட்டும். பக்கத்தில் உட்காருகிறவரும் தொட்டுக் காட்டட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஐந்து மணி என்ற அந்தக் கெடு. கேரவனைக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓட்டக் கூடாது. பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே ஊர் போய்ச் சேருங்கள். சேர முடியாத தூரத்தில் இருந்தால் கேரவனை விட்டுவிட்டுப் போங்கள். எப்படி என்பது அடுத்த பதிலில்.

எங்களுக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். அதில் நான்கு பேருக்கு ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் பிறந்தநாள். வடக்கே போக நல்ல மாதங்களும் அவையே. போகவே முடியாதா?
(ஓய்வுபெற்ற தம்பதி, மெல்பர்ன்)

போகலாம். மாதத்தை மாற்ற மட்டும் நினைக்காதீர்கள். டார்வின், புரூம் பக்கம் மே முதல் அக்டோபர் வரைதான் வறண்ட காலம். அதை விட்டால் மழை, வெள்ளம், புயல், பாதைகளையே மூடிவிடுவார்கள்.

பெரிய மாதக் காலண்டர் ஒன்றை மேசையில் விரித்துப் பிறந்தநாள்களை முதலில் குறியுங்கள். அதில் நேரில் இருந்தே ஆக வேண்டியவை எவை என்று பிள்ளைகளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் பிறந்தநாள், இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பெரிதாக நினைக்கும் பதினெட்டும் இருபத்தொன்றும், அந்த வருடம் உடம்பு சரியில்லாமல் இருந்த குழந்தையின் பிறந்தநாள் – இவற்றைத் தவறவிடக் கூடாது. மற்றவற்றை முன்னதாகவோ பின்னதாகவோ கொண்டாடலாம். ஆனால் குழந்தையிடம் அதை நீங்களே சொல்ல வேண்டும். அப்பா அம்மா மூலம் சொல்லியனுப்பாதீர்கள்.

பயணத்தின் நடுவில் வரும் தவறவிடக் கூடாத நாளுக்கு விமானம்தான் வழி. டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், புரூம், கெய்ர்ன்ஸ் எல்லாவற்றிலும் விமான நிலையம் உண்டு. அந்தத் தேதியில் அந்த ஊர்களில் ஒன்றில் இருக்கும்படி பாதையைப் போடுங்கள். கேரவனை நிறுத்தி வைக்க இடம் தரும் பார்க்குகள் இருக்கின்றன. சீசனில் நிரம்பிவிடும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேஸை மூடி, குளிர்ப்பெட்டியைக் காலி செய்து, அதன் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, கைப்பையோடு ஏறுங்கள். கேரவன் இழுக்கும் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் டீசல் குடிக்கும். டார்வினிலிருந்து மெல்பர்ன் 3,700 கிலோமீட்டருக்கு மேல். எது மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் ஜூலைப் பள்ளி விடுமுறையில் விழுந்தால் பேரப்பிள்ளைகளை உங்களிடம் வரச் சொல்லுங்கள். முதலையைப் பார்த்த பிறந்தநாளை எந்தக் குழந்தையும் மறக்காது.

தேதிப்படி பிறந்தநாளா, நட்சத்திரப்படியா? எதற்கு ஊரில் இருக்க வேண்டும்?
(வாசகி, சிட்னி)

குழந்தைக்குத் தேதி, உங்களுக்கு நட்சத்திரம். தேதியன்று நண்பர்கள் வருவார்கள், கேக் வரும், தாத்தா பாட்டி ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நட்சத்திரம் அந்தத் தமிழ் மாதத்தில் சில நாள் முன்பின்னாக வரும். அன்று வீட்டில் கூட்டம் இருக்காது, பாயசமும் அர்ச்சனையும் உங்கள் கையில். இரண்டில் ஒன்றுக்கு ஊரில் இருந்தாலும் குழந்தைக்குக் குறை இல்லை. நம் முன்னோர் நமக்கு வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கணவருக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தியைப் பயணத்தின் நடுவிலேயே, தங்கும் இடத்தில் எளிமையாகச் செய்துகொள்ளலாமா?
(வாசகி, பிரிஸ்பேன்)

எழுபது முடிந்து ஜன்ம நட்சத்திரம் வரும் நாளுக்குப் புரோகிதரும் பிள்ளைகளும் வேண்டும். அந்த வருடம் பயணம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஊரோடு இருந்து செய்துகொண்டு, மறுவாரம் கிளம்புங்கள்.

இட்லி மாவை அரைத்து எடுத்துக்கொண்டு லாங்ரீச் கிளம்பினோம். வழியில் டப்பா மூடி தெறித்து, அலமாரியிலிருந்து மெத்தை வரை மாவு. வாடை இன்னும் போகவில்லை.
(வாசகி, டவுன்ஸ்வில்)

உள்நாட்டு வெயிலில் மூடிய கேரவன் அடுப்படி மாதிரி காயும். அந்தச் சூட்டில் மாவு பாதி நேரத்திலேயே பொங்கிவிடும். இறுக்கமான மூடி போட்டால் வாயு போக வழியில்லை, மேடுபள்ளக் குலுக்கல் வேறு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியைச் சும்மா மேலே வைத்து, பாத்திரத்தை அப்படியே கழுவுதொட்டிக்குள் இறக்கிச் சுற்றிலும் பழைய துண்டைத் திணித்து வையுங்கள். பொங்கினால் தொட்டிக்குள்ளேயே நிற்கும். இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்கும்போது மட்டும் மாவு கரைப்பது இன்னும் நல்லது. ஓடுகிற நாளில் உப்புமா போதும்.

காய்ந்துபோன மாவைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். மெத்தை உறையைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் மாவு வெந்து நூலோடு ஒட்டிவிடும்.

கழிப்பறைக் கேசட்டைக் காலி செய்வது யார் வேலை? எங்கள் வீட்டில் இதற்குத்தான் தினமும் சண்டை.
(வாசகர், கான்பெரா)

அன்று யாருக்குப் பிறந்தநாள் இல்லையோ அவர் வேலை. அதற்கென்று உள்ள ‘டம்ப் பாயின்ட்’டில் மட்டும்.

பேத்தி ஓடும் கேரவனுக்குள் படுத்துக்கொண்டு வர ஆசைப்படுகிறாள். பிறந்தநாள் சலுகையாக ஒரு பத்து நிமிடம்?
(வாசகர், ஜீலாங்)

ஒரு நிமிடம்கூடக் கூடாது. இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஆள் இருப்பது சட்டப்படி குற்றம். வண்டி நின்ற பிறகு இரவு முழுக்கப் படுக்கட்டும்.

பின்னால் எடுக்கும்போது நான் “வலம்” என்கிறேன், அவர் இடம் திருப்புகிறார். பார்க்கில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.
(வாசகி, பெர்த்)

வலம் இடம் என்ற பேச்சே வேண்டாம். அவர் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிக்கட்டும். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். நீங்கள் அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று, போக வேண்டிய பக்கத்தைக் கையால் காட்டுங்கள். நீங்கள் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் சுற்றும் இடம் அது. வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லோரும் அதே பாடு பட்டவர்கள்தான்.

ஜனவரியில் நல்லார்பரைக் கடக்கிறோம். நடுவில் மெல்பர்னில் இருக்கும் பேத்திக்குப் பிறந்தநாள். போன் கிடைக்குமா?
(வாசகர், பெண்டிகோ)

செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடுவில் பல இடங்களில் கைபேசியில் ஒரு கோடும் இருக்காது. பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவும் இல்லாத நேர்ச்சாலை. அதில் நின்று வாழ்த்துச் சொல்ல நினைக்காதீர்கள். ரோட்ஹவுஸ்களில் டெல்ஸ்ட்ரா பொதுத் தொலைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் அவற்றிலிருந்து நாட்டுக்குள் பேசக் கட்டணம் கிடையாது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். யூக்லா பக்கம் பெர்த் நேரத்தை விட 45 நிமிடம் முன்னால் வைத்துக்கொள்வார்கள். கோடையில் மெல்பர்னில் மாலை ஐந்து மணி என்றால் யூக்லாவில் 2.45, பெர்த்தில் இரண்டு. உங்கள் மாலை ஐந்துக்குக் கூப்பிட்டால் குழந்தை தூங்கப் போயிருக்கும். இருவரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்லும் வீடியோவை செடூனாவிலேயே எடுத்துப் பேத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கேக் வெட்டும்போது போட்டுக் காட்டட்டும்.

பெர்த்தில் மகளின் பிறந்தநாள். வீட்டு எலுமிச்சை, தேன், ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோக ஆசை.
(வாசகி, அடிலெய்டு)

ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பழம், காய், செடி, தேன் எல்லாம் போய்விடும். மறைத்தால் அபராதம். திரும்பி வரும்போது செடூனாவில் மறுபடி சோதனை. பழ ஈயும் செடிநோயும் பரவாமல் காக்கும் வேலை அது, மனதார ஒத்துழையுங்கள். மகளுக்குப் புடவை கொண்டுபோங்கள்.

மகன் எங்களைக் கேரவன் பயணத்துக்குக் கூப்பிடுகிறான். எனக்கு முட்டிவலி, அவருக்குச் சர்க்கரை. வரலாமா?
(வாசகி, திருச்சி)

வாருங்கள். வாசலில் மடக்குப்படிக்குக் கீழே அகலமான இன்னொரு படியும், பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை உள்ளேயே இருக்கும் கேரவன்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிர்ப்பெட்டியைப் பயணத்தில் மகன் தினமும் சோதிக்க வேண்டும். கேஸில் ஓடும் பழைய வகைப் பெட்டி, வண்டி சமதளத்தில் நின்றால்தான் சரியாகக் குளிரும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மெடிகேர் கிடையாது, அதனால் மருத்துவக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதி எடுங்கள்.

அப்பா அம்மா இரண்டு மாதமாகக் கேரவனில். எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. என் பிறந்தநாளன்றும் போன் வரவில்லை. கோபத்தை விடப் பயமாக இருந்தது.
(வாசகி, மெல்பர்ன்)

இந்தப் பதில் உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்.

பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று சொல்லாமல் போகிறீர்கள். அதுவே பெரிய தொந்தரவு. எந்த வாரம் எந்த ஊர், எந்தச் சாலை என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். திட்டம் மாறினால் சிக்னல் கிடைக்கும் அடுத்த ஊரிலிருந்து ஒரு வரிச் செய்தி போடுங்கள். ஆளில்லாத பாதையில் போகிறவர்கள் அவசர உதவிக் கருவி ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள். கைபேசி எடுக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக நீங்கள் இருக்கும் இடத்தை அது மீட்புப் படைக்குச் சொல்லும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் அதைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதியும்போது அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். அந்த இடத்தில் மகளின் எண்ணைக் கொடுங்கள், கொடுத்த விஷயத்தை அவளுக்கும் சொல்லுங்கள். இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.